ஒழுகாத மாடி

மத்திகிரி,
2.12.2024, திங்கள் மாலை

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலம்தான் என்று காலையில் கிளம்பும்போது கேட்ட குறட்டையிலேயே தெரிந்துகொண்டேன்.

உங்கள் கம்பெனியில் வி.ஆர்.எஸ். போட்டிருக்கிறார்களாமே? ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம், ஜனவரி முப்பத்தொன்று கடைசித் தேதி என்றெல்லாம் எங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருகிற பூங்கொடி சொன்னாள். அவள் வீட்டுக்காரர் ஜெகதீஷ் நோட்டீஸ் வந்த அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டாராம். "ஏங்க்கா, அண்ணன் உங்ககிட்ட சொல்லலியா?" என்று கேட்டாள். "சொன்னாரு, சொன்னாரு" என்று பொய் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு வரப்போகிற இருபத்தாறு லட்சம், உங்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி பதினைந்து, நானும் வேலையை விட்டால் என்னுடையது ஏழு. அவசரத்துக்கு மூன்றை எடுத்து வைத்துவிட்டு மீதியை வங்கியில் போட்டால் மாதம் இருபத்தாறாயிரம் வட்டி. பின் வீட்டு வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு. நம் செலவு மாதம் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியதே இல்லை. வீட்டுக் கடனும் முடிந்துவிட்டது.

யுவஸ்ரீயைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதானே எனக்குக் காலை ஷிஃப்ட், உங்களுக்கு இரண்டாம் ஷிஃப்ட் என்று ஆரம்பித்தோம். நான் மூன்று மணிக்கு வருவதற்குள் நீங்கள் ஒன்றரைக்கே கிளம்பிவிடுகிறீர்கள். எனக்கு ஞாயிறு லீவு, உங்களுக்கு வெள்ளி. அவள் கல்யாணமாகி அத்திப்பள்ளிக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நாம் மட்டும் இன்னும் இந்த நோட்டில் குடித்தனம் நடத்துகிறோம். இது பதினேழாவது நோட்டு.

பதில் எழுதுங்கள். கொத்தவரங்காய் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பொற்கொடி

4.12.2024, புதன் காலை

அன்புள்ள பொற்கொடிக்கு,

கொத்தவரங்காய் காலி. தேங்காய் கொஞ்சம் கஞ்சத்தனமாக விழுந்திருந்ததே, இப்போதே வி.ஆர்.எஸ். சிக்கனம் ஆரம்பித்துவிட்டாயா?

மறைக்க வேண்டும் என்று இல்லை. யோசித்துச் சொல்லலாம் என்று இருந்தேன். உன் கணக்கில் விட்டுப்போனது நிறைய. வேலையை விட்டால் இன்சூரன்ஸுக்கு நாமே கட்ட வேண்டும், மாதம் மூவாயிரத்து ஐந்நூறு. யுவஸ்ரீக்கு வளைகாப்பு, பிரசவம் என்று வரும். மருந்து, மாத்திரை, ஊர்ப்பக்கம் கல்யாணம், காட்சி. அதற்கு ஒரு மூவாயிரம் போடு. வயது எனக்கு ஐம்பத்தொன்று, உனக்கு நாற்பத்தெட்டு. இன்னும் முப்பது வருஷம் சாப்பிட வேண்டும் பொற்கொடி.

எங்கள் லைனில் ராஜேஷ்குமார் நேற்று ஒரு பூனைக்குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். சூப்பர்வைசர் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் வயிறு மியாவ் என்றது. உனக்கு எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன்.

தங்கதுரை

9.12.2024, திங்கள் மாலை

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

பூனைக் கதையைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பின் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்தேன். முப்பத்தோராயிரத்து ஐந்நூறு செலவு, முப்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு வரவு. அப்போதும் ஆயிரம் மிச்சம். வருஷத்துக்கு ஒரு முறை திருச்செந்தூர் போய்வரலாம்.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. போன வாரம் கம்பி முனையில் ஈயம் வைக்கும்போது எனக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. முப்பது பீஸ் வீணாகிவிட்டது. நம் யுவஸ்ரீயைவிடச் சின்னவள், லைன் லீடர் முத்துமணி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, உங்களாலதான் லைனே நிக்குது. முடியலைன்னா சொல்லிருங்க" என்றாள். நான் பாத்ரூமில் போய் அழுதேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு அப்புறம் பாத்ரூமில் நின்று அழுகிறோமே என்று அதற்கு வேறு அழுகை வந்தது.

எனக்குப் போதும். ஆனால் நான் மட்டும் வேலையை விட்டால் நீங்கள் இல்லாத வீட்டில் இன்னும் ஏழு வருஷம் சாயங்காலமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். விட்டால் இரண்டு பேரும் விடுவோம். இல்லாவிட்டால் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நானும் போகிறேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பொற்கொடி

13.12.2024, வெள்ளி காலை

பொற்கொடிக்கு,

அந்தப் பெண் பேசியதைப் படித்ததும் மனசே சரியில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அடுத்த வெள்ளி நீ வேலை முடிந்து வந்ததும் நான் கூட்டிப் போகிறேன்.

வி.ஆர்.எஸ். விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மழையில் மொட்டை மாடித் தளம் விட்டு ஒழுக ஆரம்பித்துவிட்டது. கொத்தனார் முனிவேலைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேல் தளத்தை முழுக்க உடைத்துப் புதிதாகப் போட வேண்டுமாம். நாலு லட்சம் ஆகும் என்கிறான். அந்த நாலு லட்சத்துக்கான வட்டி போனால் மாதம் ஆயிரத்து முந்நூறு துண்டு விழுகிறது. நானும் எப்படியெல்லாமோ போட்டுப் பார்த்தேன்.

இந்த முறை விட்டுவிடுவோம். இன்னும் சில வருஷம்தானே.

தங்கதுரை

22.12.2024, ஞாயிறு

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதற்கு நன்றி. வண்டியில் போகும்போதே இதைக் கேட்டிருக்கலாம். உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்க வரவில்லை.

இன்று நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு மார்க்கெட்டில் முனிவேலைப் பார்த்தேன். நாலு லட்சத்தில் கொஞ்சம் குறைக்க முடியாதா என்று அவனிடமே பேரம் பேசினேன். அவன் விழித்தான். "எந்த மாடிக்கா? அண்ணன் என்னியக் கூப்புடவே இல்லியே" என்றான். நான் விடாமல் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மேலே ஏறி மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தான். "தளம் கல்லு மாதிரி கீதுக்கா. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு விரிசல். அரை மூட்டை சிமெண்ட்டு போதும். யாரு நாலு லட்சம்னு சொன்னது?"

யார் சொன்னது என்று நான் என்னவென்று சொல்வேன்? "எனக்குத்தான் தப்பாகக் காதில் விழுந்திருக்கும்" என்று காபி கொடுத்து அனுப்பினேன். டம்ளரை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்.

பொற்கொடி

24.12.2024, செவ்வாய்

பொற்கொடிக்கு,

முனிவேலுக்கு நூறு வீடு. மறந்திருப்பான்.

பால்காரருக்கு நூறு ரூபாய் பாக்கி இருந்தது, கொடுத்துவிட்டேன்.

தங்கதுரை

18.1.2025, சனி மாலை

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

மூன்று வாரமாக நோட்டில் பால், சிலிண்டர், கரண்ட் பில் மட்டும்தான் இருக்கிறது. பொங்கலுக்கு யுவஸ்ரீ வந்ததால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

உங்கள் கம்பெனியில் இன்று மூன்றரை மணிக்குக் குடும்பத்தாருக்கு விளக்கக் கூட்டம் இருந்தது. தபாலில் கடிதம் வந்தது. உங்களிடம் சொல்லாமல் பூங்கொடியோடு போனேன். நீங்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தீர்கள், நான் கேண்டீனில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

இளம்பரிதி என்று ஒரு அதிகாரி, நல்ல பையன். உங்கள் ஃபைலைத் திறந்து, "மேடம், சார் ரெக்கார்ட் ரொம்ப க்ளீன். ஒரு மெமோ கூட இல்ல. ஒரே ஒரு லெட்டர்தான் இருக்கு, அதுவும் ஜெனரல் ஷிஃப்ட் வேணாம்னு அவரே குடுத்தது" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான் பார்க்கலாமா என்று கேட்டேன். திருப்பிக் காட்டினார்.

உங்கள் கையெழுத்து. 2014 ஆகஸ்ட். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இரண்டாம் ஷிஃப்டிலேயே தொடர விரும்புகிறேன்.'

எந்தக் குடும்பம்? எந்தச் சூழ்நிலை? யுவஸ்ரீக்கு அப்போது பதினான்கு வயது.

அந்த வருஷத்திலிருந்து முட்டி போகிறவரைக்கும் ஐந்து வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் சந்திரசூடேஸ்வரர் மலையேறினேனே, எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு ஜெனரல் ஷிஃப்ட் கிடைத்து, சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும் என்று. உங்கள் வண்டியில்தான் அடிவாரம் வரைக்கும் போனேன். கிடைத்ததை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, என்னைக் கொண்டுபோய்ப் படியில் இறக்கிவிட்டீர்கள். நான் இறங்கிவந்து திருநீறு பூசினால் நெற்றியைக் காட்டினீர்கள்.

பூங்கொடி பக்கத்தில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க அவள் வேறு எதையோ பேசிக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொற்கொடி

30.1.2025, வியாழன் காலை

அன்புள்ள பொற்கொடிக்கு,

இதை ஆறு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நோட்டின் நடுவில் தாள் குறைவதைப் பார்த்திருப்பாய்.

மாடி ஒழுகவில்லை. முனிவேலை நான் கூப்பிடவில்லை. நீ போட்ட கணக்கு சரியாக வந்துவிட்டது, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. அதனால் பொய்க் கணக்கு எழுதினேன். அதைக் கண்டுபிடித்த பிறகும் ஏழை மனுஷன் முனிவேல் தலையில் போட்டேன். அவனைத் தெருவில் பார்த்தால் வண்டியைச் சந்துக்குள் திருப்பிக்கொள்கிறேன்.

பதினாலில் ஆர்டர் இல்லை என்று எங்களுக்கு நாற்பது நாள் லே-ஆஃப் கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? நான் வீட்டில் இருந்தேன். மூன்று மணிக்கு நீ வருவாய். "சாப்டீங்களா" என்பாய். "ம்" என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. நோட்டில் எழுத நாளெல்லாம் எனக்கு விஷயம் இருக்கும். நீ எதிரில் உட்கார்ந்தால் ஒன்றுமே இருக்காது. நான் டி.வி.யைப் போடுவேன். நீ துணி காயப்போட மாடிக்குப் போவாய். இரண்டு துணிக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

ஒருநாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் படியேறினேன். நீ பூங்கொடியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாய். "எப்படா இந்த மனுசன் வேலைக்குக் கிளம்புவாருன்னு இருக்குடி. மூச்சு முட்டுது." அப்படியே திரும்பி இறங்கிவிட்டேன். இரண்டு வாரத்தில் ஜெனரல் ஷிஃப்ட் தருகிறோம் என்றார்கள். தினமும் சாயங்காலம் உனக்கு மூச்சு முட்ட வேண்டுமா என்று வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

உனக்காக என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதுகிற பொற்கொடிக்கு என்னைப் பிடிக்கும். அவளையும் விட்டுவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்தேன்.

நீ எதற்கு மலையேறுகிறாய் என்று நான் எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ மலையேறியபோதெல்லாம் உன் செருப்புக்குக் காவலாகக் கீழே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் நினைப்பேன். நீ மூச்சு வாங்க இறங்கி வருவாய். திருநீறை மடித்துக்கொண்டு வருவாய். வாய் வராது. என் நெற்றியில் உன் விரல் பட்ட இடம் இப்போதும் எரிகிறது.

விண்ணப்பத்தில் மனைவி கையெழுத்துப் போட ஓர் இடம் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு மாலை ஐந்து மணி வரைக்கும் வாங்குவார்கள். நீ போட்டால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போடாவிட்டால் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.

தங்கதுரை

31.1.2025, வெள்ளி காலை, ஆறரை மணி

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

அந்த வார்த்தை என்னுடையதுதான். நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

சொன்ன அன்றைக்கே உறுத்தியது. நாற்பது நாள் சம்பளம் இல்லாமல் மனசு நொந்து கிடக்கிற மனுஷனை இப்படிச் சொல்லிவிட்டோமே என்று. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக மலையேறினேன். 'இனிமேல் அவர் தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்' என்று சாமியிடம் சொன்னேன். உங்களிடம் சொல்லத் தைரியம் வராததால் சாமியிடம் சொன்னேன். ஐந்து வருஷம் ஒரே வார்த்தைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு நான் மேலே நின்றிருக்கிறேன், நீங்கள் கீழே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடைசி வருஷம் முட்டி வலியோடு இறங்கும்போது, கிடைக்காமலே போனாலும் பரவாயில்லை என்றும் ஒரு நாள் நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் மட்டும்தான் பயந்தீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

கோபம் இன்னும் இருக்கிறது. ஃபைலில் பார்த்ததை மறக்க எனக்கு நாள் ஆகும். முனிவேலிடம் நீங்களே போய்ப் பேச வேண்டும். அரை மூட்டை சிமெண்ட்டையும் நீங்களே வாங்கிவர வேண்டும்.

இன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தச் சத்தத்துக்கும் நீங்கள் எழவில்லை. விண்ணப்பத்தை நான் எடுத்துக்கொண்டேன். மாடியில் இருப்பேன். துணி எதுவும் கொண்டுபோகவில்லை.

எழுந்து முகம் கழுவிவிட்டு மேலே வாருங்கள். பிளாஸ்க்கில் இரண்டு பேருக்கும் காபி வைத்திருக்கிறேன். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. பேச்சு வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம். மதியம் வரைக்கும் அப்படி உட்கார முடிந்தால் நான் கையெழுத்துப் போடுகிறேன். முடியாவிட்டால் நாளைக்குக் காலையில் வழக்கம்போல நான் வேலைக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.

நோட்டைக் கீழேயே வைத்துவிட்டு வாருங்கள். பேனாவை மட்டும் எடுத்து வாருங்கள்.

பொற்கொடி