பால் வாளியில் விழுந்த கார்டு

ராயல் போட்டோ ஸ்டூடியோ
உரிமையாளர்: ஏ. ராமையா
புலாவ் செபாங், மலாக்கா
19-8-1951

மரியாதைக்குரிய அண்ணன் பிச்சைமுத்து அவர்களுக்குத் தம்பி ராமையா வணங்கி எழுதுவது. இங்கே அண்ணியும் பிள்ளைகள் இருவரும் நலம். தடுப்பு முகாமில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. இருந்தாலும் கேட்கிறேன். இருமல் நின்றதா? போர்வை கொடுத்தார்களா?

தோட்டத்தில் லயத்து வீடுகளை எல்லாம் ஒரே இடத்துக்கு மாற்றி, சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாதாம். அண்ணி வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரப்பர் பால்மரம் வெட்டப் போகிறார். ஜானகி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள், நன்றாகப் படிக்கிறாள்.

கடை நன்றாக ஓடுகிறது என்று எழுதவே கூசுகிறது. அடையாளக் கார்டுக்குப் படம் பிடிக்க ஊரே வருகிறது. கடை திறந்த நாளில் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். டவுனில் தொழில் செய்கிறவன் டவுன்காரனாகத் தெரிய வேண்டும். கோட்டு, டை, பாலிஷ் போட்ட சப்பாத்து, வாய் திறந்தால் நாலு வார்த்தை இங்கிலீஷ். அப்பா தைப்பிங்கில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்று ஒருவரிடம் சொன்னேன், பிறகு எல்லோரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா புல் வெட்டியே செத்தவர். உங்களையும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பின்வாசல் வழியாகத்தான் வரச் சொல்லியிருந்தேன். "சரி லா, தொரை" என்று சிரித்தீர்கள். அந்தக் கிண்டல்கூட அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்டவன் நான்.

நீங்கள் பிடிபட்ட அன்று வந்தது புதன்கிழமை, முன்வாசல் வழியாக. கார்டு ரப்பர் பால் வாளிக்குள் விழுந்துவிட்டது, உறைந்த பாலை உரித்தபோது படமும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டது என்று எடுத்துக் காட்டினீர்கள். உங்கள் முகம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். வேலை உடுப்போடே பஸ் ஏறி வந்திருந்தீர்கள். வேறொரு பெரிய தோட்டத்து மானேஜரின் துரைசாணி முதல்முறையாகக் கடைக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பால் வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்தாள். நான் உங்களைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம வாப்பா" என்றேன். எனக்குப் பத்து வயது மூத்தவரை "வாப்பா" என்றேன். நீங்கள் கார்டைத் துண்டில் முடிந்துகொண்டு போனீர்கள்.

ஒரு மணி நேரத்தில் போலீஸ் வேன் கடை வாசலில் வந்து நின்றது. செலண்டார் ரோட்டுச் சோதனையில் உங்களைப் பிடித்திருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்கள் கார்டுகளைக் கிழித்துப் போடச் சொல்கிற காலம், படம் இல்லாத கார்டை யார் நம்புவார்கள்? ஸ்டூடியோக்காரர் என் தம்பிதான் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இவர் உங்கள் அண்ணனா என்று சார்ஜண்ட் என்னைக் கேட்டார். குழந்தை அழுகையை நிறுத்தாததால் துரைசாணி இன்னும் கடையில்தான் இருந்தாள். படம் பிடிக்க வந்தவர், மற்றபடி எனக்குத் தெரியாது என்றேன். வேன் கம்பிக்கு அந்தப் பக்கம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "அவரு சொல்றது சரிதாங்க. நான்தான் பயத்துல ஆள் மாத்திச் சொல்லிட்டேன்" என்று, அந்த நிலையிலும் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள்.

மறுநாள் ஸ்டேஷனுக்கு ஓடினேன். நேற்றுத் தெரியாதவர் இன்று அண்ணனாகிவிட்டாரா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குமேல் நான் வாதாடவில்லை. கடை போய்விடுமோ என்று பயந்தேன். ஐந்து மாதம் ஓடிவிட்டது.

போன வாரம் அண்ணி கடைக்கு வந்தார். "தம்பி, சின்னவன் அப்பா மொகத்த மறந்துருவான் போலருக்கு. அவரு படம் ஒன்னு உங்ககிட்ட இருக்கும்ல?" என்று கேட்டார். அலமாரி முழுக்கத் தேடினேன். ஊரில் உள்ள முகமெல்லாம் இருக்கிறது. உங்கள் கார்டுப் படம்கூடத் தோட்டத்துக்கு வந்த சர்க்கார் ஆள் எடுத்தது. கடை திறந்த இந்த ஐந்து வருஷத்தில் உங்களை ஒரு தடவைகூட நாற்காலியில் உட்கார வைத்து நான் படம் பிடித்ததில்லை. அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி உங்கள் மனு விசாரணைக் குழுவுக்கு வருகிறதாம். நான் வருகிறேன் அண்ணே. கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வருவேன், அதைப் பார்த்த பிறகுதானே பேச்சைக் கேட்கிறார்கள். அப்பா யார், நீங்கள் யார், அன்று நான் சொன்ன பொய் என்ன, எல்லாவற்றையும் அங்கே சொல்வேன். உங்களுக்கு முன்னால் இந்தக் கடிதத்தை முகாம் அதிகாரி படிப்பார். படிக்கட்டும். கடைத் தாளில் எழுதி, கீழே கடை முத்திரையும் குத்தியிருப்பது அதற்காகத்தான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே என்னைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்பார்கள். இந்தத் தடவை என்னைக் காப்பாற்ற வேண்டாம். தெரியும், என் தம்பி என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் உடன்பிறந்த தம்பி,
ராமையா