கல்லணை முதல் பூம்புகார் வரை, நடுவில் ஒரு டம்ளர் மோர்

சீர்காழி
11.3.2024

அன்பு மகள் எழில்மொழிக்கு,

அப்பா எழுதுகிறேன். கால் விரல் நகம் இரண்டு கழன்றதைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று சொல்கிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

உங்கள் ஆற்றுவழி நடைக் குழுவின் முடிவு நேற்று வந்தது. காவிரிக் கரையோடு கல்லணையிலிருந்து பூம்புகார் வரை நான் நடந்ததை, 'பிறர் உதவியின்றி நடந்தோர்' வரிசையில் ஏற்க முடியாதாம். இதுவரை அந்த வழியில் வேகமாக நடந்தவன் மயிலாடுதுறைப் பையன் நெடுஞ்செழியன். அவனைவிடக் குறைந்த நேரத்தில் நான் கடலைத் தொட்டேன், அறுபத்தாறு வயதில். நீ வாங்கித் தந்த கைக்கடிகாரம் நான் போன வழி முழுவதையும் பதிந்து வைத்திருக்கிறது. அதில் ஒரு குற்றமும் இல்லையாம். வழியில் ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்தேன் என்று நானே எழுதிக் கொடுத்தேனே, அதுதான் குற்றமாம்.

முடிவின் கீழே மூன்று கையெழுத்து. மூன்றாவது உன்னுடையது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'ழ'வுக்கு வாலை நீட்டி விடுவாய்.

பதில் வேண்டும். போனில் வேண்டாம்.

அப்பா,
சா. வீரையன்

பெங்களூரு
18.3.2024

அன்புள்ள அப்பா,

நகத்தில் கண்டதைத் தடவாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். விதியையும் நான்தான் எழுதினேன். பையில் கொண்டுபோவதைச் சாப்பிடலாம், பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், யார் கையிலிருந்தும் எதுவும் வாங்கக் கூடாது. கொள்ளிடக் கரையில் நான் நடந்து முடித்தபோது என்ன பேசினார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "பொம்பள ஒத்தையிலயா நடந்தா? புருஷன் பைக்ல பின்னாடியே சோறு எடுத்துட்டுப் போயிருப்பான்." ஒரு வருஷம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. இன்றைக்கு அப்பாவுக்காக அதை வளைத்தால், நாளைக்கு நடக்கிற எந்தப் பெண்ணையும் நம்ப மாட்டார்கள்.

குழுவில் மற்ற இருவரும் ஒரு வழி சொல்கிறார்கள். 'களைப்பில் தவறாக எழுதிவிட்டேன், மோர் பற்றிய வரியை விலக்கிக்கொள்கிறேன்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் உங்களிடம் மறைக்கவும் முடியவில்லை. அது வேண்டாமென்றால் இன்னொரு முறை நடங்கள். உங்களால் முடியும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் பையில் தண்ணீர் இருந்தது. விதியும் தெரியும். பிறகு ஏன் குடித்தீர்கள்?

அன்புடன்,
எழில்மொழி

சீர்காழி
25.3.2024

எழில்மொழிக்கு,

ஏன் குடித்தேன் என்று கேட்கிறாய். இதை முதலில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம்.

தாகத்துக்குக் குடிக்கவில்லை. கும்பகோணம் தாண்டிக் கரையை ஒட்டி ஒரு பெரிய வீடு இருக்கிறது. உன் தாத்தா அங்கே பண்ணையாளாக இருந்தார். சின்ன வயதில் நானும் அங்கே மாடு மேய்த்திருக்கிறேன். தண்ணீர் கேட்டால் கொல்லைப் பக்கம் போய்க் குனிந்து கையைக் குவிக்க வேண்டும். எட்ட நின்று மேலேயிருந்து ஊற்றுவார்கள். பாதி முழங்கை வழியாக மண்ணுக்குப் போய்விடும். அந்த வீட்டு வாசலில் உன் தாத்தா ஒரு நாளும் நின்றதில்லை.

அந்த வாசலைத் தாண்டி வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். அந்த வீட்டு மருமகளாக இருக்கும்.

"தாத்தா, இந்த வெயில்ல எங்க ஓடுறீங்க? நில்லுங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க."

கையில் எவர்சில்வர் டம்ளர். அந்த வீட்டார் குடிக்கிற டம்ளர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யாரென்று தெரியாமல் கொடுக்கிறாள், தெரிந்தால் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று, "இந்தப் பண்ணையில ஆளா இருந்த சாமிக்கண்ணு மவன் நான்" என்றேன்.

"அதுக்கென்ன தாத்தா, உப்புப் போதுமான்னு சொல்லுங்க."

"கொஞ்சம் கம்மிதான்" என்றேன். உள்ளே ஓடிப்போய் உப்பு எடுத்து வந்து போட்டாள்.

'வேண்டாம் அம்மா, எனக்குச் சாதனை கெட்டுவிடும்' என்று சொல்லிவிட்டு ஓடியிருக்க வேண்டும் என்கிறாயா? வாசலில் நிமிர்ந்து நின்று, டம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன். இது உதவி என்றால், உதவி என்ற சொல்லுக்கு உங்கள் குழுவுக்குப் பொருள் தெரியவில்லை.

அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் நடந்ததில், எழுதி வைக்க வேண்டும் என்று நான் நினைத்தது அந்த ஒரு வரியைத்தான். எடுக்க மாட்டேன். மறுபடியும் நடக்க மாட்டேன். செய்யாத தப்புக்கு எதற்கு இரண்டாம் நடை?

உன்னைப் பேசியவர்கள் வாயை மூட விதி போட்டாய். அது எனக்குப் புரிகிறது. அதற்காக நான் பொய் சொல்ல முடியாது.

என்னை ஏற்க வேண்டாம். ஆனால் உங்கள் இணையப் பக்கத்தில் என் பெயரைப் போட வேண்டும். 'ஏற்கப்படவில்லை' என்றே போடுங்கள். காரணத்தையும் முழுதாகப் போடுங்கள். மோர் என்றால் மோர் என்று எழுத வேண்டும். 'வெளி உதவி' என்று மழுப்பினால் நேரில் வருவேன்.

நான் எழுதுவதைப் பார்த்து அம்மா சொல்கிறாள்: "அப்பனுக்கும் மவளுக்கும் ஒரே வீம்பு. ரெண்டையும் ஒரே நுகத்தடியில பூட்டணும்." பூட்டினால் ஆளுக்கொரு பக்கம் இழுப்போம் என்று சொல்லிவிட்டேன்.

சா. வீரையன்

பெங்களூரு
15.4.2024

அன்புள்ள அப்பா,

தாத்தாவைப் பற்றி இவ்வளவு நாள் என்னிடம் நீங்கள் ஒன்றுமே சொன்னதில்லை. உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது.

ஏற்காத நடைகளை நாங்கள் வெளியிடுவதில்லை. மற்ற இருவரும் முடியாது என்றார்கள். "இதெல்லாம் இப்ப எதுக்குங்க, பழைய கதை" என்றார் ஒருவர். ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில், போடுவதானால் உன் பெயரில் போட்டுக்கொள் என்றார்கள். போட்டுவிட்டேன்:

'சா. வீரையன், சீர்காழி. கல்லணை முதல் பூம்புகார் வரை நடந்தார். ஏற்கப்படவில்லை. காரணம்: தன் தகப்பனார் கைகுவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டின் வாசலில் நின்று, டம்ளரில் மோர் குடித்தார். அதை மறைக்க மறுத்தார்.'

நீங்கள் ஓடி முடித்த நேரமும் இருக்கிறது. கீழே என் கையெழுத்து மட்டும். அந்த வீடு இருக்கிற ஊரின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெண்ணை யாரும் தேடிப் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது.

விதியை மாற்றவில்லை அப்பா. மாற்றவும் மாட்டேன்.

மே கடைசியில் நானும் அதே வழியில் நடக்கப் போகிறேன், பிறர் உதவியின்றி. நெடுஞ்செழியனை முறியடித்தால் போதுமே என்கிறார்கள். எனக்குப் போதாது. முறியடிக்க வேண்டியது யாருடைய நேரம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
எழில்மொழி

சீர்காழி
22.4.2024

அன்பு மகளுக்கு,

பார்த்தேன். 'ஓடி முடித்த நேரம்' என்று எழுதியிருக்கிறாய். நான் ஓடவில்லை, நடந்தேன். மற்றபடி சரியாக இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன்.

உன் விதி தப்பு. அதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் நேரத்தை முறியடிக்கப் போகிறாயாம். உன்னால் முடியாது. நடந்து பார். கரை எங்கே உடைந்து கிடக்கிறது, எங்கே முள் மண்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தையும் உனக்குச் சொல்ல மாட்டேன். அதையும் உதவி என்பாய்.

ஒரு தொல்லை இருக்கிறது. நீ வருகிற அன்றைக்கு மயிலாடுதுறைப் பாலத்தில் தூக்குவாளியோடு நிற்கப் போவதாக உன் அம்மா சொல்கிறாள். அவளிடம் விதியைச் சொன்னேன். "பெத்த புள்ள வெயில்ல போவுறத வெறுங்கையோட பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதா உங்க விதி?" என்கிறாள். 

அதனால் அவளோடு நானும் பஸ்ஸில் வருகிறேன். எங்களைக் கண்டதும் நின்றுவிடாதே. அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அழுவாள், திரும்பிப் பார்க்காதே. நேரே நடந்து போய்க்கொண்டே இரு. அவள் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அப்பா