கண்டிக்கு ஒரு பயணத் திட்டம்

திருவண்ணாமலை
19-6-1983

சௌபாக்கியவதி சந்திரம்மாளுக்கு அக்கா கஸ்தூரி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீ, பலராமன், குழந்தை பூங்கொடி மூவர் சுகத்துக்கும் எழுது.

பாஸ்போர்ட் இரண்டும் நேற்றுத் தபாலில் வந்துவிட்டன. போட்டோவில் என் முழியைப் பார்த்து இவர் சிரிக்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கும், மின்வாரியத்தில் இவருக்கும் பத்து நாள் லீவு கிடைத்தாயிற்று. ஆகஸ்ட் பதினாறாம் தேதி ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினால் மறுநாள் கண்டி. பெரஹரா ஊர்வலம், பேராதனைப் பூந்தோட்டம், நுவரெலியா குளிர் எல்லாம் பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் போன ஒன்பது வருஷமாக நீ எழுதி எழுதியே எனக்குப் பாதி ஊர் பழகிவிட்டது.

ஆனால் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. காலரா ஊசி போட்ட கை இன்னும் வலிக்கிறது. கப்பலில் வாந்தி வருமா? தேயிலைத் தோட்டத்தில் அட்டை கடிக்குமாமே, சாக்ஸ் போட்டால் போதுமா? இவர் தினமும் பேப்பரில் யாழ்ப்பாணச் செய்தியைத் தேடிப் படித்துவிட்டு, போகத்தான் வேணுமா என்கிறார். பலராமனோ கலாட்டா எல்லாம் வடக்கேதான், கண்டியில் பயமில்லை, கடையில் வியாபாரம் ஜாஸ்தி என்று எழுதுகிறார். அக்கம்பக்கத்தார் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று உனக்குத்தான் தெரியும். நீ நிஜத்தை எழுது.

அன்புள்ள அக்கா,
கஸ்தூரி


திருவண்ணாமலை
29-7-1983

சௌபாக்கியவதி சந்திரம்மாளுக்கு,

மூன்று நாளில் இது இரண்டாவது கடிதம். கொழும்பில் தமிழர் கடைகள் எரிகின்றன என்று ரேடியோவில் கேட்டோம். நேற்று கண்டியின் பேரையும் சொன்னார்கள். இவர் தந்தி ஆபீசுக்கு ஓடினார். அங்கிருந்தவர், "வாங்கிக்கறோம் சார், போய்ச் சேரும்னு சொல்ல முடியாது" என்றாராம். கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

காலையில் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தவள் ஏழெட்டில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

கடைப் பலகையில் பேர் தமிழில் இருக்கிறதே, அதை இறக்கச் சொல். சரக்கு போனால் போகட்டும். யாராவது வீட்டில் இடம் கொடுத்தால் உடனே போய் இரு. வெளியே போவதானால் பொட்டை அழித்துவிட்டுப் போ. இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். நாங்கள் வருவதைப் பற்றி இனி நினைக்காதே. உன் கையெழுத்தில் ஒரு வரி போதும்.

கஸ்தூரி


திருவண்ணாமலை
18-8-1983

மண்டபம் அகதி முகாமிலிருக்கும் சௌபாக்கியவதி சந்திரம்மாளுக்கு,

வீடு பூட்டியிருந்ததால் தபால்காரர் கண்ணாயிரம் உன் கார்டைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். "நானும் குழந்தையும் வந்துட்டோம் அக்கா. உடம்புக்கு ஒண்ணுமில்ல." அவ்வளவுதான் எழுதியிருந்தாய். திருப்பிப் பார்த்தேன், அந்தப் பக்கம் விலாசம் மட்டும்தான். சாயங்காலம் இவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "பலராமனைப் பத்தி நாம கேக்க வேணாம். அதுவா சொல்லட்டும்" என்றார்.

உன்னை அழைத்து வர, உறவுக்காரர் என்று தாசில்தாரிடம் எழுதி வாங்க வேண்டுமாம். இவர் காலையிலிருந்து அலைகிறார். திங்கட்கிழமை பஸ் ஏறி செவ்வாய்க்கிழமை அங்கே இருப்போம். அதுவரை குழந்தையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நான் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கப்பலில் வருகிறவர்களிடம் நீ பலராமனைப் பற்றி விசாரித்துக்கொண்டே இரு.

நம் வீட்டுக்காரம்மா மணியம்மாள், எத்தனை பேர் வந்து தங்குவார்கள் என்று கேட்டார். மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் வரக் கொஞ்சம் தாமதமாகலாம் என்றும் சொன்னேன்.

உனக்கும் பூங்கொடிக்கும் என் ஆசீர்வாதம். பலராமனுக்கும் சொல்.

உன் அக்கா,
கஸ்தூரி