சாம்பல் போட்ட குண்டுமல்லி

மார்ச் 2, திங்கள்

காலையிலேயே சுளீரென்று வெயில். நடந்ததெல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். சாம்பல் போட்டால் மல்லி ஒன்று செழிக்கும், இல்லாவிட்டால் பட்டுப்போகும் என்று போன வாரமே மனைவி வசந்தாவிடம் சொன்னேன். பட்டுப்போய்விட்டது. சொன்ன சொல் தப்பவில்லை.

மந்தாரக்குப்பத்தில் பவர் ஹவுஸ் சாம்பலில் ஃப்ளை ஆஷ் செங்கல் போடும் நண்பரிடம் அரை மூட்டை சாம்பல் வாங்கினேன். அடுப்புச் சாம்பலே உரம் என்றால் பவர் ஹவுஸ் சாம்பல் எவ்வளவு பெரிய உரம். எட்டாவது வரைதான் படிப்பு, ஆனாலும் இந்த யோசனை இந்த பிளாக்கில் வேறு எவனுக்கும் வரவில்லை. தண்ணீர் விட்டதும் சிமெண்ட் தரை மாதிரி இறுகிவிட்டது. இன்று கடப்பாரை போட்டு உடைத்தேன். வேரெல்லாம் கருப்பு.

நான் பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, கம்மாபுரத்தில் அம்மா வீட்டிலிருந்து வசந்தா மடியில் வைத்துக் கொண்டுவந்த பதியன். பத்தொன்பது வருடச் செடி.

வ. என்னோடு பேசுவதில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்து, "இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குதுன்னு சொல்லிடு" என்கிறாள்.

மார்ச் 4, புதன்

ஆஃப். பண்ருட்டி ரோட்டில் மல்லி மட்டுமே வளர்க்கும் நர்சரிக்குப் போனேன். இருபது வகை என்று போர்டு. நான் எண்ணியது நாற்பது. நடத்துவது ஒரு அம்மா, கையில் எப்போதும் கத்தரி.

"என்னண்ணே வேணும்?"

"எங்க வூட்டுல முந்நூறு மல்லி இருக்குது. ஒண்ணு குறையுது."

"முந்நூறு இருக்கறப்ப அதுலயே ஒரு பதியன் போட்டுக்கறதுதானே."

போர்டைப் படிக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். தொழில் ரகசியம்.

சாம்பல் விஷயத்தைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது ரோடு போடறதுக்குண்ணே."

ஊசிமல்லி, இருவாட்சி, நித்தியமல்லி. குண்டுமல்லியிலேயே ஐந்து தினுசு. நிழல்வலைக்கு அடியில் ஈரமண் வாசனை. அரை மணியில் திரும்பிவிடலாம் என்று போனவன் மூன்று மணி நேரம் சுற்றினேன். ஒவ்வொரு மொட்டாக மோந்து பார்த்தேன். மனசு லேசு. டீ கொடுத்தார்கள்.

வாங்கியது: வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ. மண்புழு உரம் ஒரு பை. குண்டுமல்லி 1 (சும்மா, துணைக்கு).

"நட்டுட்டு அரை அடிக்கு வெட்டிக் கவாத்து பண்ணி விடுங்க. நாப்பது நாள்ல பூக்கும்" என்றாள். அவள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

லேசான மேகம். நேற்று வ. கம்மாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கினேன். வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

இன்று காலை அதிசயம். பழைய வேர் துளிர்த்துவிட்டது. அதே இடத்தில், அரை அடி உயரம், ஏழு இலை. எல்லாம் புண்ணாக்கு வைத்தியம். நர்சரியில் வாங்கிய செடி பஸ்ஸில் குலுங்கியே வாடிவிட்டது, எறிந்துவிட்டேன்.

வ. வந்து குனிந்து பார்த்தாள். ஒரு இலையைத் தொட்டாள். பிறகு ஃபிரிட்ஜிடம் இல்லை, என்னிடமே: "நல்லாத்தான் துளுத்துக்கினு இருக்குதுங்க."

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு.

மார்ச் 20, வெள்ளி

வ. தினமும் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுகிறாள். செடியோடு பேசவும் செய்கிறாள். கிட்டே போனால் நிறுத்திவிடுகிறாள். அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். வெயில்தான் காரணம்.

டூட்டியில் ஆறு பேருக்கு என் வைத்தியத்தை விளக்கினேன். ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 17, வெள்ளி

முதல் பூ. நாற்பது நாள் என்று நான் சொன்னேன். நாற்பத்தொன்று. ஒரு நாள் செடியின் தப்பு.

வ. பூவை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்மளது ரெண்டு அடுக்குதாங்க பூக்கும். இது நாலா பூத்திருக்குது."

"சாம்பல் சத்து."

"ஓ."

பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள். வாசற்படி ஏறும்போது திரும்பாமலே சொன்னாள்:

"அப்ப எங்க அக்காவுக்கும் ஒரு வேரு துளிர்க்க வெச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன், பண்ருட்டி ரோட்டுக்கு."

"உனக்கு எப்படி..."

"கல்யாணத்துலேருந்து வந்த அன்னிக்கே குப்பைத்தொட்டியில பண்ருட்டி ரோடுன்னு அச்சடிச்ச நர்சரிச் செடிப் பை கிழிஞ்சு கெடந்துது. மூடி போடக்கூட தெரியல உங்களுக்கு."

அன்றைக்கே என்றால் மார்ச் 7. மறுநாள்தான் என்னிடம் பேசினாள். தெரிந்துகொண்டே பேசியிருக்கிறாள்.

திருத்தம்: மார்ச் 8-ல் எழுதியதில் ஒரு விஷயம் சரியில்லை. வேர் துளிர்க்கவில்லை. நட்டது நான்.