பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்?

ஜூன் 11, புதன்

மன்னிக்க வேண்டும். எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் தெரியவில்லை.

மதியம் கணக்குப் பிரிவு அக்கா டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்: "அப்பா போய் நாலு மாசம் ஆச்சு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கே கொட்டாவி வருது. ஒரு நாய்க்குட்டி வாங்கி வளத்துப் பாரேன்டி."

தலையாட்டினேன். இப்போதெல்லாம் எதற்கும் தலையாட்டிவிடுகிறேன். பிறகு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் பாட்டில்களை வரிசையாக வைத்தேன். இன்று சோதித்த தண்ணீர் எல்லாமே குடிக்கத் தகுந்தது.

ஜூன் 12, வியாழன்

நாய்க்குட்டி. ஏன் கூடாது?

ஜூன் 14, சனி

கடைக்குப் போனேன். மீன் தொட்டிகளுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு குட்டி.

"ரெண்டு மாசம் ஆச்சு மேடம், ஒரிஜினல் ஜாதி" என்று ஒன்றைக் காட்டினார் கடைக்காரர். அதற்குப் பல்லே சரியாக முளைக்கவில்லை. உடம்பு ஒட்டிப்போய் வயிறு மட்டும் பானை போல இருந்தது. பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. எதை மறைக்க இவ்வளவு ஊற்றியிருப்பார்கள்? இதன் தாய் எங்கே என்று கேட்க நினைத்தேன். "அப்புறம் வரேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாவமாகக்கூட இல்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

ஜூன் 15, ஞாயிறு

இணையத்தில் ஒருவர் குட்டிகள் விற்கிறார். படத்தில் புல்வெளி, கூடை, ரிப்பன். வீட்டுக்கு வந்து தாயையும் பார்க்கலாமா என்று போனில் கேட்டேன். "வீட்டுக்கெல்லாம் எதுக்கும்மா? பஸ் ஸ்டாண்ட் வாசல்ல கொண்டாந்து குடுத்துடறேன். பணத்த மட்டும் முன்னாடி போட்டுடுங்க." வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீ?"

"ஆச்சு."

அப்பா இருந்தபோது பின்னாலிருந்து ஏதாவது கத்திக்கொண்டே இருப்பார். நானும் அம்மாவும் இத்தனை வருடமாகப் பேசிக்கொண்டதெல்லாம் அவருக்குச் சொன்ன பதில்கள்தான் போலிருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

பஸ் ஸ்டாண்ட் கதையை அக்காவிடம் சொன்னேன். "நாய் விக்கறானா, கடத்தறானா?" என்றார். அடிபட்ட நாய்களும் தெருவில் விட்ட குட்டிகளும் இருக்கும் காப்பகம் ஒன்று ஊருக்கு வெளியே இருக்கிறதாம். "காசு வாங்க மாட்டாங்க. கேள்விதான் கேப்பாங்க. நீ வாயத் திறக்கணும், அதுதான் கஷ்டம்."

ஜூன் 18, புதன்

அம்மாவை இங்கே வந்துவிடச் சொல்லலாம். சொன்னதில்லை. வீட்டிலேயே முதலில் கல்லூரிக்குப் போனவளும், வேலை கிடைத்து முதலில் வெளியேறியவளும் நான். ஊரில் அவளுக்கு டெய்லர் கடையிலிருந்து சட்டைகள் வருகின்றன. காஜா எடுத்து, பட்டன் தைத்து, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறாள். கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு எதை நினைத்துக்கொண்டு இருப்பது?

ஜூன் 21, சனி

காப்பகம். டயர் கிடங்கைத் தாண்டித் தகரக் கூரை. நடத்துகிற பெண்மணிக்கு முழங்கை வரை கீறல்கள். தாயையும் காட்டினார். செம்பட்டை நிறம், மூன்று காலில் நடக்கிறது. குட்டிகள் என் காலைச் சூழ்ந்துகொண்டு செருப்பைக் கடித்தன. ஒன்று மட்டும் வரவில்லை. குழாயடியில் உட்கார்ந்து சொட்டும் தண்ணீரை ஒவ்வொரு சொட்டாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அது" என்றேன்.

"அதுவா? சரியான மந்தம்மா அது. சரி, பகல்ல வீட்டுல யாரு இருப்பா?"

"அம்மா."

எப்படி வந்தது? யோசிக்கவே இல்லை. அப்படியே வழுக்கி விழுந்துவிட்டது.

"அப்பன்னா சரி. குட்டியத் தனியா போட்டுட்டுப் போறவங்களுக்கு நான் தர மாட்டேன். அடுத்த சனிக்கிழமை கொண்டு வரேன், அம்மாகிட்ட பேசிட்டுக் குடுக்கறேன்."

தலையாட்டினேன்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். சாப்ட்டியா. சாப்ட்டேன். சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

"என்னக் கேக்காமலே என்ன உன் வீட்டுல குடிவச்சுட்டியா?"

"ஆமா."

"அதுவும் நாய்க்குக் காவலுக்கு." சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. "வந்து தொலைக்கிறேன். திங்கக்கிழமை திரும்பிடுவேன், ஆமா. டெய்லர் உயிர எடுத்துடுவாரு."

ஜூன் 28, சனி

அம்மா ஒரு பை துணியும் ஒரு பை சட்டையுமாக வந்தாள். காப்பகத்துப் பெண்மணி பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைக் கையால் அளந்தார், தரையோரம் ஒயர் தொங்குகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "பகல் பூரா நீங்க இங்கதானே?"

"வேற எங்க போகப் போறேன்?" என்றாள் அம்மா, கண்ணிமைக்காமல்.

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறக்கிவிட்டதும் குட்டி நேராகப் போய்ச் சட்டைக் குவியல்மேல் ஒன்றுக்குப் போனது. "அடப்பாவி! கல்யாண மாப்பிள்ள சட்டைடா அது!" அம்மா அதைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் மடியும் நனைந்தது. அதைக் கீழே விடாமலே திட்டிக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

ஜூன் 29, ஞாயிறு

சாப்பிட்ட பிறகு அம்மா பையில் துணிகளை மடித்து வைத்தாள். குட்டி அவள் காலடியில் கிடந்தது. நாளையிலிருந்து பகலில் அதை யார் பார்ப்பது என்று அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"அந்தச் சட்டை இன்னும் காயலையே" என்றேன்.

"காலைக்குள்ள காஞ்சுடும்."

"டெய்லர்கிட்ட வேணா நான் பேசறேன்."

"நீயா? கடைல தீப்பெட்டி கேக்கவே பத்து தடவ யோசிப்ப."

பை நிறைந்துவிட்டது. ஜிப் பாதியில் சிக்கியது. அவள் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் கைமேல் கையை வைத்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"போகாதம்மா" என்றேன். "என்கூடவே இருந்துடும்மா."