பேருந்துக்கு வழிவிடும் சிக்னல்

லண்டன்,
9.3.2008

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்களும் பெனாசிர் அக்காவும் நலமா? போனில் பேச மறுக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இங்கே என் வேலை பஸ்களுக்கு வழி வாங்கிக் கொடுப்பது. பஸ்ஸில் ஒரு கருவி இருக்கும். பஸ் நெருங்குவதை சிக்னல் அறிந்துகொண்டு பச்சையைச் சில விநாடி கூடுதலாகப் பிடித்துவைக்கும்; சிகப்பென்றால் சீக்கிரம் மாற்றிவிடும். நேற்று ஒன்றைச் சோதித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். வெடி விபத்தில் கருகிய ஆறு பெண்களை வெம்பக்கோட்டையில் உங்கள் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பறந்தீர்கள். சிவகாசியில் இது இருந்திருந்தால் சிகப்பைத் தாண்டியிருக்க வேண்டாம். உங்கள் பஸ்ஸில் அடிபட்ட அந்த சைக்கிள்காரரும் செத்திருக்க மாட்டார். ஆறு பேரும் பிழைத்தார்களே மச்சான். மறுபடி பஸ் ஓட்டுங்கள்.

அன்புடன்,
சாபிர்

விருதுநகர்,
24.3.2008

மாப்பிள்ளை சாபிருக்கு,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. மிளகாய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் சாக்கு தைக்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். பஸ் வேண்டாம்.

அலி அக்பர்

லண்டன்,
6.4.2008

மச்சான்,

இவ்வளவுதானா எழுத வந்தது? "அவுக வாயே திறக்கிறதில்லடா" என்று அக்கா போனில் அழுகிறாள். அந்த சிக்னலைப் படமாக வரைந்து, மனுவும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கலெக்டர் ஆபீசில் கொடுங்கள். உங்களால் ஊருக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.

சாபிர்

விருதுநகர்,
28.4.2008

சாபிருக்கு,

இன்று மனுவோடு சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கொடுக்காமல் திரும்பிவிட்டேன்.

அன்று சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது. பின்னால் ஒரு பெண், "தண்ணி, டிரைவரண்ணே, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். சாலையைப் பார்க்கவில்லை. அந்த சைக்கிள்காரர், சங்கிலிமுத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு பாதிச் சாலையைக் கடந்திருந்தார். பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன். சிகப்பைத் தாண்டியதாக ஊரே முடிவு கட்டியது. "உசிரக் காப்பாத்தத்தானே போனீக" என்றார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

சூலக்கரையிலிருந்து நேரே சங்கிலிமுத்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சின்னத்தாய் வெடிக்குழாய் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒட்டுவதை நிறுத்தவில்லை. "இத எதுக்கு எங்கிட்டச் சொல்லுறீக? போலீசுக்குப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

நாளை போகிறேன். அழுகை வரவில்லை, பயமும் இல்லை. உன் அக்காவுக்கு இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். உறையை ஒட்டவில்லை.

அலி அக்பர்