பதினேழாம் எண் துடுப்பு

அனுப்புநர்:
லைஃப் ஜாக்கெட் துவைத்து உலர்த்தும் பணியாளர்,
படகுக் கொட்டகை, மேல்துறை.

பெறுநர்:
நீர்வழிப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
நீர்வழிப் பாதுகாப்பு அலுவலகம்.

பொருள்: கடைசிப் படகு வழிகாட்டியின் மரணம் – விசாரணை அறிக்கையைத் திருத்தவும், துடுப்பை எண்ணி ஆளைக் கணக்கிடும் வழக்கத்தை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இறந்தவர் என் தம்பியின் மனைவி. பதினோரு ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். நாத்தனார் என்றால் ஊரில் என்னென்னவோ சொல்வார்கள். எங்களுக்குள் அப்படி எதுவும் இருந்ததில்லை. எனக்கு நாற்பது வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

2. எங்கள் ஆறு ஊற்றில் பிறப்பது. கோடையிலும் தண்ணீர் விறைக்கும். சவாரிக்கு வருபவர்கள் மேல்துறையில் படகேறி, நீரோட்டத்தோடு கீழ்த்துறைக்கு வந்து இறங்குவார்கள். படகுகள் அங்கேயே கிடக்கும். மறுநாள் காலையில்தான் இழுத்து வருவோம். ஆட்கள் துடுப்போடு வேனில் திரும்பி, கொட்டகைச் சுவரிலுள்ள நாற்பது ஆணிகளில் அவற்றை மாட்ட வேண்டும். நாற்பதும் நிறைந்தால் எல்லோரும் கரையேறியதாகக் கொண்டு கதவைப் பூட்டுவது வழக்கம். ஆட்களை எண்ணுவதில்லை. ஒன்பது ஆண்டுகளாக நானும் இதைச் சரியென்றே நினைத்திருந்தேன்.

3. சம்பவத்தன்று அவளுக்குக் கடைசிப் படகு. யாராவது பின்தங்கிவிட்டார்களா என்று கீழ்த்துறைக்குச் சற்று மேலே பிரியும் பக்கக் கால்வாயில் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. அந்தக் கால்வாய் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலில் சேர்கிறது. கடல்மட்டம் இறங்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீரைத் தனக்குள்ளே இழுக்கும். அதன் வாயில்தான் அவள் படகு கவிழ்ந்திருக்கிறது. அவளையும் படகையும் கால்வாய் இழுத்துக்கொண்டது. துடுப்பு மட்டும் ஆற்றோடு கீழ்த்துறைக்கு வந்துவிட்டது.

4. தங்கள் அறிக்கை வேறு சொல்கிறது. அவள் வேலை முடித்துத் துடுப்பை மாட்டிவிட்டு, பின்னர் அனுமதியின்றிப் பொழுதுபோக்குக்காகப் படகெடுத்துச் சென்றாளாம். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்கிறேன்: துடுப்பைச் சுவரில் மாட்டிவிட்டு யார் ஐயா படகேறுவார்கள்? இதை எழுதியவருக்கு அந்த ஒரு கேள்வி கூடவா தோன்றவில்லை?

5. அந்தத் துடுப்பை மாட்டியது நான்.

6. மாலை நாலரை மணியளவில் கீழ்த்துறையில் ஈர ஜாக்கெட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பதினேழாம் எண் துடுப்பு மிதந்து வந்து படிக்கட்டில் இடித்தது. அன்று அது அவளுக்குக் கொடுத்த துடுப்பு என்று எனக்குத் தெரியாது. யாரோ பொறுப்பில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே எடுத்தேன். வேனில் நிறையக் கூட்டம். பாட்டுப் போட்டிருந்தார்கள். கொட்டகையில் பதினேழாம் ஆணி காலியாக இருந்தது, மாட்டினேன். ஒழுங்காக ஒரு வேலை செய்தோம் என்ற நினைப்பு வேறு எனக்கு.

7. பூட்டும்போது அவளைக் காணோமே என்று கண்காணிப்பாளரிடம் கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துவிட்டு, "துடுப்பு வந்துருச்சுல்ல, ஆளும் வந்திருக்கும். போங்கக்கா" என்றார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நானும் அதே சுவரைப் பார்த்துத்தான் சமாதானமானேன். தம்பி வேலையாக வெளியூர் போயிருந்தான். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

8. மறுநாள் காலையில் படகு இழுக்கப் போனவர்கள் கண்டார்கள். கீழ்த்துறையிலிருந்து கூப்பிடு தூரம். வலது கால் வேர்களுக்கிடையே சிக்கி முறிந்திருந்தது. விடியும் வரை உயிர் இருந்திருக்கலாம், குளிர்தான் கொன்றது என்றார் மருத்துவர். தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் எட்டிய கிளையில் கட்டியிருந்தாள். தேடி வருபவர்களின் கண்ணில் படட்டும் என்று கட்டியிருக்கிறாள். அந்த ஜாக்கெட்டை இன்னும் துவைக்கவில்லை.

9. விசாரணையில் என்னையும் அழைத்தார்கள். துடுப்புகள் நாற்பதும் இருந்தனவா என்று கேட்டார்கள். இருந்தன என்றேன். யார் மாட்டியது என்று எவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

10. இப்போது என் தம்பி அவள் படத்தைப் பார்த்துத் தினமும் திட்டுகிறான். "வேலை முடிஞ்சா வீட்டுக்கு வரத் தெரியாதா உனக்கு? என்னடி விளையாட்டு வேண்டிக் கிடக்கு?" என்கிறான். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். செத்தவளை அவன் வெறுக்கத் தொடங்கிவிட்டான், ஐயா. அந்தப் பழி அவளுடையது அல்ல. எனக்கு இது தாங்கவில்லை.

ஆகவே, அவள் பணியிலிருக்கும்போதே இறந்தாள் என்று அறிக்கையைத் திருத்தி, திருத்திய படியை அவள் கணவனிடம் தங்கள் அலுவலக முத்திரையோடு நேரில் கொடுக்கச் செய்யுங்கள். கதவைப் பூட்டும் முன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் கேட்ட பிறகே பூட்ட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். நேற்றும் ஆணிகளைத்தான் எண்ணினார்கள். பதினேழாம் துடுப்பை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் மீது எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

நாள்: சம்பவத்திலிருந்து இருபத்து மூன்றாம் நாள்
இடம்: மேல்துறை

துடுப்பை மாட்டியவள்,
(கையொப்பம்)

இணைப்பு: துவைக்காத லைஃப் ஜாக்கெட் ஒன்று.

நகல்: இறந்தவரின் கணவர், என் தம்பிக்கு. அவனிடம் இதை நேரில் சொல்ல மூன்று முறை எழுந்து போய்த் திரும்பி வந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.